எட்டாம் பாகம்

கொருக்குப்பேட்டை கேட்டை இறக்கிவிட்டார்கள்.
எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாய்,
யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நடையில்.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
பையிலிருந்து எடுக்கிறேன்,
பழைய பேப்பர் கடைத் தராசிலிருந்து
நேற்று மீட்டு வந்தவனை.

அட்டையில் அதே ஆதிரன்.
நீலம் பாரித்த தோள், கலையாத முடி,
காலடியில் நிழல் இல்லை.
வயது முந்நூற்றுப் பன்னிரண்டு,
பார்க்க இருபத்தெட்டு.
நான் அவனை விட்டுவந்தபோது எனக்குப் பத்தொன்பது.
இப்போது நாற்பத்திரண்டு,
பார்க்கவும் நாற்பத்திரண்டு.

தஸ்தகீர் பாய் லெண்டிங் லைப்ரரியில்
நாள் வாடகை ஒரு ரூபாய்.
ஆளுக்கு எட்டணா போட்டு அவனை எடுப்போம்,
நானும் நவமணியும்.
ஒற்றைப்படைத் தேதியில் அவள் வீட்டுப் பீரோவுக்கு அடியில்,
இரட்டைப்படையில்
என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடப்பான்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில்
அறுபது மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்துவாள்:
"இன்னாடி எப்சி, இன்னுமா அவளத் தொடல?"
சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார்.
தொடமாட்டான்.
தொட்டால் மிருணா பனியாய் உறைந்துபோவாள் என்று சாபம்.
ஏழு பாகமாய் இதே கதைதான்.
ஏழு பாகமாய் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

தண்ணி லாரி வரிசையில்
ஏழாம் பாகம் நனைந்தது.
யார் குடத்தில் விழுந்தது என்பதில்
எங்கள் பேச்சு நின்றது.
பாய் போட்ட ஃபைன் பன்னிரண்டு ரூபாய்.
நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ரோஷம்.
பிறகு லைப்ரரி ரீசார்ஜ் கடையானது,
நவமணி அத்திப்பட்டுக்கு வாக்கப்பட்டுப் போனாள்,
எனக்கும் ஒருவர் வந்தார்,
நிழலோடு.

முதல் அத்தியாயம். மிருணா தூங்குகிறாள்.
ஜன்னலுக்கு வெளியே அவன்
விடிய விடியப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
இந்த மாதிரி இடங்களில்
தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதவள்தான் நான்.
இன்று கேட்கிறேன்:
ஏம்ப்பா, உனக்கு வேற வேலையே இல்லையா?
முந்நூறு வருஷத்தில் ஒரு வெல்டிங்காவது கத்திருக்கலாமே.
மிருணாவுக்கு இருபது.
என் மகளுக்கும் இருபது.
அவள் ஜன்னலில் இப்படி ஒருத்தன் நின்றால்
ஆர்.கே. நகர் ஸ்டேஷனில்தான் அவனுக்கு விடியும்.

பக்கத்துக்கு மூன்று வெண்ணிலா,
டேங்கருக்கு ஒரு பெருமூச்சு.
சிரித்துக்கொண்டே புரட்டுகிறேன்.
பக்கத்து பைக்காரர்
என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

நாற்பத்து மூன்றாம் பக்கம்.
ஓரத்தில் நீல பால்பாயிண்ட்,
வாலை இழுத்து விடுகிற அந்த "ழு":

"எப்சி, 61ல தொட்டுட்டான்.
ஒண்ணும் ஆவல. அவ ஒறையல.
பயப்படாம பட்ச்சிக்கோ.
அப்பால, ஏழு எங் கொடத்துலதான் வுழுந்துச்சு.
ஃபைன் நானே கட்டிட்டேன்."

கீழே தேதி. ஒற்றைப்படை.
மறுநாள் என் முறை.

இருபத்து மூன்று வருஷமாய்
ஜன்னலுக்கு வெளியே நின்றது
இவன் இல்லை.

டேங்கர்கள் தீரவில்லை.
இதே தண்டவாளம்தான் அத்திப்பட்டுக்கும் போகிறது.
அவள் இப்போது எந்தத் தெருவில்,
எத்தனை பிள்ளை, கண்ணாடி போட்டாளா,
மிச்சத்தையும் படித்தாளா, ஒன்றும் தெரியாது.
அந்த மசியின் மேல் விரலை வைக்கப் போய்
ஒரு கணம் தயங்கினேன்,
உறைந்துவிடுவேன் என்பதுபோல.

வைத்தேன்.
வெயிலில் தாள் சுட்டது.

பக்கம் ஐம்பது, ஐம்பத்தாறு,
அறுபதின் கடைசி வரியில் அவன் கை நீள்கிறது.
கேட் எப்போது திறந்தது?
பின்னால் முழு எழில் நகரும் ஹாரன் அடிக்கிறது.
ஆட்டோக்காரத் தம்பி தலையை நீட்டி,
"யக்கா! பட்ச்சது போதும்,
வண்டிய எடு!"